பதினைந்தாம் நாள்

சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் வாழ்வோருக்குத் திருச்செங்கோட்டு மலை பழகிய காட்சி. மதுரையை எரித்த கண்ணகி இறுதியில் வந்து நின்ற நெடுவேள்குன்றம் இதுவே என்று கொள்ளும் பழைய மரபொன்று உண்டு, மறுப்போரும் உண்டு. அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. நாம் காண்பது வேறொன்று. தன் இடமார்பைத் தானே திருகி எறிந்த பெண்ணுக்கு இளங்கோவடிகள் அளித்த காலம் 14 நாட்களே. வையைக் கரையோரம் நடக்கிறாள், மலையேறி வேங்கை நிழலில் நிற்கிறாள், வானவூர்தி வந்துவிடுகிறது. காப்பியத்திற்கு அது தக்க முடிவுதான். ஆயினும் பதினைந்தாம் நாள் காலையில் அவள் எப்படி எழுந்திருப்பாள், ஓராண்டு நிறைந்த அன்று என்ன நினைத்திருப்பாள் என்று கேட்க அங்கே இடமில்லை.

அந்தக் கேள்வி இன்று நம் இல்லங்களில் இருக்கிறது. மார்பகப் புற்றுக்காக அறுவை செய்துகொண்ட தாய்மாரும் சகோதரிகளும் நம்மிடையே வாழ்கின்றனர். அறுவை நடந்த தேதி ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. வீட்டார் அதனை மறந்திருப்பர், அவள் மறப்பதில்லை. "அல்லாஹ் காப்பாற்றிவிட்டான், இனி அந்தப் பேச்சு எதற்கு?" என்பார்கள். அன்பினால் சொல்லப்படும் சொல்தான். ஆனால் அச்சொல்லோடு ஒரு கதவு சாத்தப்படுகிறது.

இக்கதவைத் திறந்த எழுத்துகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி தம் அக்காள் எஸ்தருக்கு எழுதிய கடிதம். 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், தம் வீட்டிலேயே அவருக்கு அறுவை நடந்தது. செய்தவர்களுள் நெப்போலியனின் படைமருத்துவர் லாரேயும் ஒருவர். மயக்க மருந்து கண்டறியப்படாத காலம். முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்தார்கள். அதனூடே கத்தியின் பளபளப்பு அவருக்குத் தெரிந்தது. நடந்ததைச் சொல்லவே அவருக்குப் பல மாதங்கள் ஆயின. 1812இல் தொடங்கிய கடிதத்தை முடிக்கவும் மாதங்கள் பிடித்தன. எழுதியதைத் திரும்பிப் படிக்கும் துணிவு அவருக்கு வரவில்லை. நம் கருத்தில், கடிதத்தின் உயிரே அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது. புண் ஆறிய பிறகும் நினைவு ஆறவில்லை என்பதை அவர் வாதிடவில்லை; நடுங்கும் எழுத்தே காட்டிவிடுகிறது. அதன்பின் 1840 வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகள், அவர் வாழ்ந்தார்.

இரண்டாவது, அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டின் 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்'. 1978இல் அவருடைய ஒரு மார்பு அகற்றப்பட்டது; நூல் 1980இல் வெளிவந்தது. அறுவைக்குப் பிந்திய நாட்குறிப்புகள் அதில் ஓராண்டைத் தாண்டியும் செல்கின்றன. அச்சமும் சினமும் மாறிமாறி வருகின்றன. தேறிவிட்டோம் என்று எழுதிய கை மீண்டும் அழுகையை எழுதுகிறது. மருத்துவமனைக்கு வந்த தொண்டுப் பெண்ணொருவர் சட்டைக்குள் வைத்துக்கொள்ள ஒரு மென்திண்டைத் தருகிறார். அது வெள்ளையருடைய தோலின் நிறம்! இந்தச் சிறு செய்தி ஒரு நூறு பக்கச் சொற்பொழிவுக்குச் சமம். நூலின் சில பகுதிகள் உண்மையிலேயே சொற்பொழிவாகிவிடுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பொய்மார்பு அணிவதையே அவர் மௌனத்தின் கருவியாகக் காண்கிறார். அதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. அணிந்து மன அமைதி பெறும் பெண்ணைக் குறைகூற யாருக்கு உரிமை? ஆனால் "துப்பட்டா மறைத்துவிடும், கவலைப்படாதே" என்று தேற்றும் நம்மவர்க்கு அவர் தரும் விடை சரியானது. தெருவின் கண்ணுக்குத்தான் அது மறையும். குளியலறையில் அவள் கண்ணுக்கு?

'சபூர் செய்' என்ற அறிவுரையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். பொறுமைக்கு நாம் எடுத்துக்காட்டாகக் கூறும் அய்யூப் நபி (அலை) அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. துன்பம் தம்மைத் தீண்டிவிட்டது என்று இறைவனிடம் முறையிட்டார்கள். யஃகூப் நபி (அலை) அவர்களும் தம் துயரத்தை அவனிடமே சொன்னார்கள். முறையீடு பொறுமைக்குப் பகையென்று இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த நாம் எங்கே கற்றோம்?

நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை தம் வாழ்வை 'என் கதை' என்று எழுதிய மண் இது. தன்வரலாறு இங்கே புதிதன்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அத்துயரத்திலிருந்து 1954இல் அடையாற்றில் ஒரு மருத்துவமனையை எழுப்பினார். அங்கும் பிற இடங்களிலும் பிழைத்து வீடு திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் கையால் எழுதிய பக்கங்கள்தாம் அரியவை. இன்று பலருக்கு மார்பை முழுதும் நீக்காமலே சிகிச்சை முடிகிறது. ஆயினும் கை வீங்கக்கூடும், தழும்பருகே உணர்ச்சி மரத்திருக்கும், அடுத்த பரிசோதனைத் தேதி நெருங்கினால் உறக்கம் போகும். இவற்றைச் சொல்ல அலங்காரம் வேண்டாம்.

இராசிபுரத்திலிருந்து ஒரு தங்கை தன் அக்காவுக்கு எழுதும் கடிதமாக அது இருக்கலாம். அறுவைக்குப் பின் கையைத் தூக்கப் பழக, விரல்களைச் சுவரில் ஏற்றச் சொல்வார்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டாளா, எந்த மாதத்தில் அக்கோடு அடுப்படியின் மேல்தட்டு உயரத்திற்கு வந்தது, அன்று மேல்தட்டிலிருந்து அவள் தன் கையாலேயே இறக்கியது எந்த டப்பா என்பதிலிருந்தே அவள் தொடங்கலாம்.