பேய் பிடிப்பது யாரை?

தலித் எழுத்தாளர் பாமாவின் ‘சங்கதி’ நாவலில் ஒரு கணவன் காணாமல் போகிறான். கதைசொல்லியின் பாட்டி வெள்ளையம்மாக் கிழவியின் புருசன் கோயிந்தன் பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறான்; போனவன் போனவன்தான். இங்கே கைக்குழந்தைகளோடு அவள் காத்திருக்கிறாள். பஞ்சம் வருகிறது. தாலியைக் கழற்றிப் பிள்ளைகளின் வயிற்றுக்கு வழி பார்க்கிறாள். அதற்குப் பிறகு அவள் கழுத்தில் தாலி ஏறவில்லை. அவன் செத்தானா, வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினானா, ஒரு தகவலும் இல்லை. வேறொருவர் கையில் இது ஒரு முழு நாவல். பாமாவுக்குச் சில வரிகள் போதுமாக இருக்கின்றன. கண்டிக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றித் தென்மாவட்டக் கிராமங்களில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கிழவியின் காதலும் பிரிவும் அவளுடைய உழைப்புக்கு நடுவில் நடக்கின்றன. உழைப்பு நிற்காததால் கதையும் நின்று அழுவதில்லை.

வத்திராயிருப்பை ஒட்டி, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புதுப்பட்டி. 1958இல் பாமா அங்கே பிறந்தார். ‘கருக்கு’ 1992இல் வந்தது; ‘சங்கதி’ 1994இல். முதல் புத்தகத்துக்குக் கிடைத்த பேர் பெரிது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பால் அது கடல் கடந்தும் போனது. ஆனால் இரண்டு புத்தகங்களையும் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் சாட்சியம், ஆவணம், கோபம் என்ற மூன்று சொற்களோடு நின்றுவிட்டார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் நாவல்களும் நெடுங்காலம் இப்படித்தான் படிக்கப்பட்டன. டோனி மாரிசனையும் ஆலிஸ் வாக்கரையும் சமூகவியல் பாடமாக வாசித்தவர்கள், அவர்களுடைய வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது என்று கவனிக்க மறந்தார்கள். ஒடுக்கப்பட்டவர் எழுதினால் அதில் உண்மை இருக்கும், கலை இருக்குமா என்று ஐயப்படுவதும் ஒரு வகை ஒதுக்கல்தான். ‘சங்கதி’யின் கைநயத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

தலித்துகளுக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தாருக்கும் உறவு புதிதில்லை. 1946இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர் இயக்கம், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பேரை எடுத்துக்கொண்டது. ஆனால் இலக்கிய ஒற்றுமை இந்த வரலாற்றுக் கோட்டில் மட்டும் இல்லை. கறுப்பின எழுத்தாளர் குளோரியா நெய்லர் 1982இல் வெளியிட்ட ‘பிரூஸ்டர் பிளேஸின் பெண்கள்’ நாவலில் ஒரே தெருவில் ஏழு பெண்கள். பெரும்பாலும் தலைக்கு ஒரு கதை. எல்லாக் கதைகளும் சேர்ந்தால் அந்தத் தெரு. ‘சங்கதி’க்கும் கதாநாயகி கிடையாது. ஒருத்தி வருகிறாள், தன் பாட்டைச் சொல்லிவிட்டுப் போகிறாள், அடுத்தவள் வருகிறாள். கட்டுக்கோப்பு இல்லை என்று இதைக் குறை சொன்னவர்கள் ஊர்ப் பெண்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் பேச்சு நேர்கோட்டில் போகாது. ஒருத்தியின் கல்யாணத்தில் தொடங்கி, இன்னொருத்தியின் பிரசவத்துக்குத் தாவி, செத்துப்போன மூன்றாமவளிடம் நின்று, கல்யாணத்துக்கே திரும்பும். அந்தப் போக்கைத்தான் பாமா நாவலின் வடிவமாக்கியிருக்கிறார்.

இசக்கியின் கதை வரும் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கை. சலவைத் தொழில் செய்யும் சாதியில் பிறந்தவனை விரும்பி அவனோடு போய்விடுகிறாள். அண்ணன்மார் பாசம் காட்டிக் கர்ப்பிணியாக இருக்கும் அவளை அழைத்து வந்து கொன்றுபோடுகிறார்கள். அவள் பேயாகிறாள், ஊர்ப் பெண்களைப் பிடிக்கிறாள். நெல்லை, குமரிப் பக்கம் கையில் குழந்தையோடு நிற்கும் இசக்கியம்மனைக் கும்பிட்டவர்களுக்கு இந்தச் சாயல் கேட்டதும் புரியும். கொன்றவர்களைத் தெய்வமாக்காமல் கொல்லப்பட்டவளைத் தெய்வமாக்கிய மண் இது.

இதில் பாமா காட்டும் நயம் என்ன? கதையைப் பாட்டி சொல்லும்போது கேட்கும் சின்னப்பிள்ளையான கதைசொல்லிக்கு உடம்பு நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை எழுத்து முழுசாகத் தருகிறது. படிக்கிற நாமும் இருட்டுக்குப் பயப்படுகிறோம். பிறகு அதே பிள்ளை வளர்ந்து, படித்து, யோசிக்கிறாள். பேய் ஏன் ஆண்களைப் பிடிப்பதில்லை? மேல்சாதி வீட்டுப் பெண்களை ஏன் தொடுவதில்லை? காட்டிலும் வீட்டிலும் ஓயாத வேலை, புருசனின் அடி, சொல்லி அழ ஆளில்லாத மனம் – இவை பேயின் முகவரி என்று கண்டுபிடிக்கிறாள். இந்த விடை வந்த பிறகும் பாமா பேய்க்கதையைப் பொய் என்று தள்ளிவிடவில்லை. முன்னால் ஏற்பட்ட பயம் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் அறிவும் வந்து உட்காருகிறது. பாட்டியின் நம்பிக்கையைப் பேத்தி எங்கேயும் ஏளனம் செய்யவில்லை. பகுத்தறிவு பேசும் தமிழ் எழுத்தில் இந்த மரியாதை அரிது.

மாரிசனின் ‘பிலவட்’ 1987இல் வந்தது. அடிமைத்தளையில் தன் பிள்ளையும் சிக்கிவிடக் கூடாதென்று ஒரு தாய் தன் மகளையே கொன்ற கதை. 1856இல் மார்கரெட் கார்னர் என்ற பெண்ணுக்கு நேர்ந்தது அதற்கு மூலம். அந்த மகள் பேயாகி, பிறகு ரத்தமும் சதையுமாக வீட்டுக்குள் நுழைகிறாள். மாரிசன் பேயை நம்பவைக்கிறார். பாமா பேயைக் கேள்வி கேட்கிறார். ஆனால் இரண்டு பேய்களும் குடும்பத்தின் உள்ளிருந்தே எழுகின்றன, அன்பும் கொலையும் ஒரே வீட்டில் குடியிருந்ததால் எழுகின்றன. அங்கே அடிமைமுறை கொன்ற கையில் ஆயுதத்தைக் கொடுத்தது. இங்கே சாதி.

பேயிலிருந்து மர்மத்துக்கு வருவோம். மர்மம் என்றால் யார் செய்தார் என்பது தெரியாமல் இருப்பது. கறுப்பின எழுத்தாளர் அட்டிகா லாக் தன் ‘புளூபேர்ட், புளூபேர்ட்’ நாவலில் (2017) அதைச் சீராகச் செய்கிறார்: கிழக்கு டெக்சாஸ் சிற்றூர் ஒன்றில் இரண்டு பிணங்கள், விசாரிக்க வரும் கறுப்பினப் போலீஸ் அதிகாரி, ஊரின் பழைய இனப்பகை. பாமாவின் மாரியம்மாள் கதையில் மர்மம் தலைகீழாக நிற்கிறது. விறகு பொறுக்கப் போனவள் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க பம்புசெட்டை நெருங்குகிறாள். நிலக்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார். தப்பி ஓடி வருகிறாள். அவர் முந்திக்கொண்டு, அவள் மாணிக்கம் என்பவனோடு தப்பாக இருந்ததைப் பார்த்தேன் என்று ஊரில் போய்ச் சொல்கிறார். பஞ்சாயத்து கூடுகிறது. நடந்தது வாசகருக்குத் தெரியும், அங்கே கூடியிருக்கும் பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் தண்டம் விழுகிறது: அவளுக்கு இருநூறு, அவனுக்கு நூறு. எல்லாருக்கும் தெரிந்த உண்மை ஒரு கூட்டத்தின் நடுவே எப்படிச் செல்லாக்காசாகிறது என்பதுதான் இங்கே புதிர். தொகை இரட்டிப்பானதை பாமா தனியாக விளக்குவதில்லை. எண்கள் அங்கே அப்படியே கிடக்கின்றன. டயாரி ஜோன்ஸின் ‘ஓர் அமெரிக்கத் திருமணம்’ நாவலிலும் (2018) இதே முறை. செய்யாத குற்றத்துக்கு ராய் சிறைக்குப் போகிறான். அவன் செய்யவில்லை என்பது நமக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். யார் குற்றவாளி என்று ஜோன்ஸ் தேடவில்லை. பிரிந்திருக்கும் கணவன் மனைவியின் கடிதங்களில் அன்பு எப்படி மெல்ல நிறம் மாறுகிறது என்று பார்க்கிறார். மாரியம்மாளுக்குக் கடிதம் எழுதும் வசதி இல்லை. எவனோடு சேர்த்துப் பேசினார்களோ அவனுக்கே பிறகு கட்டிவைக்கிறார்கள்.

‘சங்கதி’யின் மைக்கண்ணியைச் சிவகாசி வட்டாரத்துக்காரர்கள் பேர் சொல்லாமலே அடையாளம் கண்டுகொள்வார்கள். விடியுமுன் எழுந்து தீப்பெட்டியாபீசுக்குப் போகும் சிறுமி. வீட்டில் தாய்க்கு அடுத்தடுத்துப் பிரசவம். கூலி கொண்டுவருகிறவளும் இவளே, தம்பி தங்கைகளைத் தூக்கிச் சுமக்கிறவளும் இவளே. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் இருட்டோடு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன ஆபீஸ் வண்டிகளை ஒரு தலைமுறை மறந்திருக்காது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. மைக்கண்ணி அதற்கு இரண்டு வருடம் முன்பே அச்சில் இருந்தாள். தீர்ப்புக்கு வயது, நேரம், இழப்பீடு தெரிந்தால் போதும். பாமா அவளை விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கிறார், அதனால் அவள் இழந்தது என்னவென்று நமக்கே தைக்கிறது. அந்தப் பிள்ளைகளின் விளையாட்டையும் கவனிக்க வேண்டும். பையன்கள் பஸ் ஓட்டுகிறார்கள், போலீஸாகிறார்கள். பெண்பிள்ளைகள் சோறு பொங்குகிறார்கள். குடித்துவிட்டு வரும் புருசன் பெண்டாட்டியை அடிப்பதும் விளையாட்டில் ஒரு காட்சி. கண்ணால் கண்டதைத்தான் அவர்கள் நடிக்கிறார்கள்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். சில இடங்களில் நிகழ்ச்சியே எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, கதைசொல்லி வந்து பெண்விடுதலையைப் பற்றி மறுபடி விளக்குகிறாள். பாட்டியின் பேச்சில் இருக்கும் அடர்த்தி அந்தப் பத்திகளில் நீர்த்துப்போகிறது. ஆனால் ராக்கம்மாவின் சண்டையில் அதே விளக்கம் பொருந்தி வருகிறது. புருசன் அடிக்கும்போது அவள் தெருவுக்கு வந்து, கூடிய கூட்டத்தின் முன் சேலையைத் தூக்கிக் காட்டி, காது கூசும்படி ஏசுகிறாள். கதைசொல்லிக்கு முதலில் அருவருப்பு. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள்: இவள் இப்படிக் கத்தியிராவிட்டால் அவன் மண்டையை உடைத்திருப்பான். ஒரே பக்கத்தில் அருவருப்பு மரியாதையாக மாறுவதை அந்த யோசனை இல்லாமல் காட்டியிருக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் புத்தகத்தின் பாட்டும் சிரிப்பும்தான். பூப்பு நீராட்டில் குலவை போட்டுப் பாடுவார்கள். வயலில் வேலைக்கு நடுவே ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடுப்பார்கள். நண்டுக்கறி விவகாரத்தில் புருசனிடம் அடிபட்ட பெண்ணின் பாட்டு ஒன்று உண்டு. அடி நிஜம், வலி நிஜம். பாட்டாகும்போது அடித்தவன்தான் கேலிக்கு ஆளாகிறான். அடிபட்டவளைச் சுற்றி அத்தனை பெண்களும் கூடி நிற்கிறார்கள். மாரிசன் ‘சூலா’வில் இரண்டு தோழிகளின் நட்பைக் கதையின் நடுவில் வைத்தார். பாமாவின் நட்புக்கு இருவர் போதாது. அது ஒரு தெருவே சேர்ந்து போடும் குலவை. ‘சங்கதி’யைப் படிக்க எடுக்கிறவர்கள் அந்தப் பாட்டு வரும் பக்கங்களை மௌனமாகத் தாண்டிவிடாமல், வீட்டில் ஒரு பெரிய மனுசியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வாய்விட்டு வாசியுங்கள். ராகம் எது என்று அவர் சொல்லித்தருவார். அவருக்குத் தெரிந்த நாலு அடியையும் கூடவே பாடுவார்.