பெயர் போடாத பக்கவாத்தியம்

நம்முடைய கச்சேரி மேடையில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பாடுகிறவர் எவ்வளவு பெரிய வித்வானானாலும், நோட்டீஸில் அவருடைய பெயருக்குக் கீழே வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று அச்சடித்து விடுகிறார்கள். எழுத்து சற்றுப் பொடியாக இருக்கலாம். ஆனால் பெயர் இருக்கிறது. தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பாடகர் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வயலின் சோபிக்கவில்லை என்று மறுநாள் ஒரு விமர்சகன் எழுதினால், யாரைச் சொல்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். புகழ்ச்சியோ கண்டனமோ, போய்ச் சேர வேண்டிய விலாசம் தெரிந்திருக்கிறது. விமர்சனம் என்று ஒன்று நடப்பதற்கு இதுதான் முதல் தேவை.

இந்த விலாசத்தை இசைத்தட்டுத் தொழில் நெடுநாள் அழித்தே வைத்திருந்தது. அமெரிக்காவில் செஷன் வாத்தியக்காரர்கள் என்று ஒரு வர்க்கம் உண்டு. எந்தக் குழுவையும் சேராதவர்கள். கூப்பிட்ட ஸ்டுடியோவுக்குப் போய் வாசித்துவிட்டு வருகிறவர்கள். ஒரு செஷன் என்பது மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று நான்கு பாட்டுக்கள் முடிந்துவிட வேண்டும். முன்கூட்டி ஒத்திகை கிடையாது. போனவுடன் ஒரு தாளைக் கொடுப்பார்கள். சில சமயம் அதில் ஸ்வரங்கள் முழுவதும் எழுதியிருக்கும். பல சமயம் இந்த இடத்தில் இந்தச் சுருதிக்கட்டு என்ற குறிப்பு மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் வாசிக்கிறவர் பொறுப்பு. காலையில் ஒரு ஸ்டுடியோ, பிற்பகலில் ஒன்று, இரவில் இன்னொன்று என்று 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் இவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். தட்டு வெளிவரும், லட்சக்கணக்கில் விற்கும், பாடகர் படம் அட்டையில் சிரிக்கும். வாசித்தவர் பெயர் எங்கும் இராது.

கூலி கொடுத்தாயிற்றே, பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒருவருடைய கதையைச் சொல்ல வேண்டும்.

கரோல் கே என்ற அம்மாள் 1935ல் பிறந்தவர். பெற்றோர் இருவருமே வாத்தியக்காரர்கள். வீட்டில் சங்கீதம் இருந்தது, பணம் இல்லை. பதின்மூன்றாவது வயதில் கிதார் எடுத்தவர், விரைவிலேயே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்க ஆரம்பித்தார். ஜாஸ் வாசிக்கும் இரவு விடுதிகளில் நல்ல பெயர் எடுத்தார். 1957ல் ஸாம் குக் என்ற பாடகரின் ஒலிப்பதிவுக்கு வரச் சொல்லி ஒருவர் கூப்பிட்டார். மனசு ஜாஸில் இருந்தது. ஆனால் வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். விடுதியில் விடிய விடிய வாசித்தாலும் வராத பணம் ஸ்டுடியோவில் மூன்று மணி நேரத்தில் வந்தது. அவர் ஸ்டுடியோக்காரர் ஆனார். 1958ல் ரிச்சி வாலன்ஸ் பாடிய 'லா பாம்பா' தட்டில் கேட்கும் தாளக் கிதார்களில் ஒன்று இவருடையது.

1963ல் ஒரு நாள் காபிடல் கம்பெனியின் ஸ்டுடியோவில் பாஸ் கிதார் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. இவரை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து பாஸ் கிதார்தான் அவருடைய வாத்தியம் ஆயிற்று. பல கிதார்களைச் சுமந்துகொண்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைவதை விட ஒரே வாத்தியத்தோடு போவது சௌகரியம் என்பது ஒரு காரணம். ஆனால் அதை விடப் பெரிய காரணம், பாட்டு முழுவதையும் கீழேயிருந்து நடத்திக்கொண்டு போகிறது அந்த வாத்தியம் என்று அவர் கண்டுகொண்டதுதான்.

பாஸ் கிதார் என்பது நான்கு தந்தி வாத்தியம். சாதாரணக் கிதாருக்கு ஒரு ஸ்தாயி கீழே பேசுவது. 1951ல்தான் லியோ பெண்டர் என்பவர் அதைக் கடைக்குக் கொண்டு வந்தார். ஆளுயர மரவாத்தியமாகிய பெரிய பாஸ் செய்த வேலையை, தோளில் மாட்டிக்கொண்டு செய்ய அது வழி செய்தது. பழக்கமில்லாத காதுக்கு அது தனியாகக் கேட்காது. கேட்காது என்பதுதான் அதனுடைய அதிகாரம். மேலே பாடகர் எந்த ஸ்வரத்தில் நின்றாலும், கீழே பாஸ் எந்த ஸ்வரத்தை வைக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அந்த ஸ்வரத்தின் பாவம் மாறுகிறது. நம்முடைய தம்புரா நகராமல் நின்று சுருதி சொல்கிறது. இது நகர்ந்துகொண்டே சுருதி சொல்கிறது.

கிளென் காம்பெல் பாடிய 'விசிட்டா லைன்மேன்' என்ற 1968ம் வருஷத்துப் பாட்டை எடுத்துக்கொள்வோம். தந்திக் கம்பங்களின் மேல் ஏறி வேலை செய்கிற ஒரு தொழிலாளியின் தனிமையைப் பற்றிய பாட்டு அது. எழுதியவர் ஜிம்மி வெப். பாட்டுத் தொடங்குவதற்கு முன் பாஸ் கிதாரில் சில ஸ்வரங்கள் மேலிருந்து கீழே இறங்கி வருகின்றன. அவ்வளவுதான். ஆனால் அந்த இறக்கம் இல்லாமல் அந்தப் பாட்டை நினைக்க முடியாது. அதைத் தாளில் எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்து யோசித்து வாசித்தது. நடுவில் வரும் தாழ்ந்த குரல் தனி வாசிப்பைக் காம்பெல் வாசித்தார். அதற்கு அவர் இரவல் வாங்கியது இந்த அம்மாளின் ஆறு தந்தி பாஸ் வாத்தியத்தை. காம்பெல்லும் நெடுநாள் கூலிக்கு வாசித்த செஷன் கிதார்காரர்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் முன்னால் வந்து பாடினார், பெயர் வந்தது. மற்றவர் பின்னால் உட்கார்ந்தார், பெயர் வரவில்லை. வித்தையில் இருந்த வித்தியாசம் அல்ல இது. உட்கார்ந்த இடத்தில் இருந்த வித்தியாசம்.

இன்னோர் உதாரணம் 'தி பீட் கோஸ் ஆன்'. 1967ல் ஸோனியும் ஷேரும் பாடியது. ஒரே சுருதிக்கட்டில் நின்றுகொண்டிருக்கும் பாட்டு. அதைத் தூக்கி நிறுத்துவது ஒரு பாஸ் வரிசை. பாட்டைக் கேட்டவர்கள் வார்த்தையை மறந்தாலும் அந்த வரிசையை மறப்பதில்லை. அதைக் கற்பித்தது கரோல் கே. பாட்டாசிரியர் என்று பதிவானது ஸோனி போனோ ஒருவருடைய பெயர். மெட்டும் சொல்லும் மட்டுமே பாட்டு என்று உரிமைச் சட்டத்தின் வழக்கம் நினைக்கிறது. காது அப்படி நினைப்பதில்லை. ரசிகன் வீட்டுக்கு எடுத்துப் போவது எதுவோ அதைப் படைத்தவனும் படைப்பாளிதான் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு என்ன சிரமம்?

கரோல் கேயின் காலத்திலேயே டெட்ராய்ட் நகரத்தில் ஒருவர் இருந்தார். ஜேம்ஸ் ஜேமர்ஸன். அங்கே மோடவுன் கம்பெனி ஒரு வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி, பாட்டுக்களைத் தொழிற்சாலைபோல் உற்பத்தி செய்துகொண்டிருந்தது. ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, ஸுப்ரீம்ஸ் என்று பாடகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கீழே பாஸ் வாசிக்கிறவர் பெரும்பாலும் ஜேமர்ஸன். அவர் வலது கையில் ஒரே விரலால் வாசித்தார். தந்திகளைச் சுலபத்தில் மாற்ற மாட்டார். பழைய தந்தியின் மங்கல் நாதம்தான் அவருக்கு வேண்டும். கரோல் கேயோ மீட்டுக் கட்டையால் வாசித்தவர். தந்தியின் மேல் கம்பளித் துண்டை வைத்து நாதத்தைக் கட்டுப்படுத்தியவர். இவருடைய வாசிப்பு கணீரென்று அளவெடுத்தது போல் நிற்கும். ஜேமர்ஸன் வாசிப்பு பேச்சைப் போல் ஓடும். 1968ம் வருஷத்து 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' பாட்டில், ஸ்டீவி வொண்டர் மேலே பாடிக்கொண்டிருக்க, ஜேமர்ஸன் கீழே தனியாக ஒரு பாட்டே பாடுகிறார். என் அபிப்பிராயத்தில் இருவரில் ஜேமர்ஸனே பெரிய கற்பனைக்காரர்; பாட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்ற அளவு தெரிந்ததில் கரோல் கே பெரியவர்.

அந்த ஜேமர்ஸன் பெயர் மோடவுன் தட்டு அட்டையில் முறையாக வந்தது 1971ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வெளிவந்தபோதுதான். அடுத்த வருஷமே கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. பின்னால் போன ஜேமர்ஸனுக்கு அங்கே பழைய இடம் கிடைக்கவில்லை. 1983ல் அந்தக் கம்பெனி தன் இருபத்தைந்தாவது வருஷத்தைப் பெரிய விழாவாகக் கொண்டாடியது. பாடகர்கள் மேடையில் இருந்தார்கள். ஜேமர்ஸன் டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடியில் உட்கார்ந்து பார்த்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் நாற்பத்தேழு வயதில் அவர் இறந்துபோனார்.

இப்போது விஷயத்தின் மிகக் கசப்பான பகுதிக்கு வருகிறேன். மோடவுன் கம்பெனி 60களிலேயே லாஸ் ஏஞ்சல்ஸிலும் சில பதிவுகள் செய்தது. அவற்றில் கரோல் கேயும் வாசித்தார். ஜேமர்ஸன் வாசித்ததாக உலகம் நம்புகிற சில பாட்டுக்களை வாசித்தது நான்தான் என்று அவர் பின்னாளில் சொன்னார். 1967ல் வந்த 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்' அவற்றில் ஒன்று. டெட்ராய்ட்காரர்களும் ஜேமர்ஸனின் சரித்திரக்காரரும் அதைத் திட்டவட்டமாக மறுத்தார்கள். என் காதுக்கு அந்தப் பாட்டில் ஒற்றை விரல்தான் கேட்கிறது. ஆனால் காது சாட்சி சொல்லலாம். தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு மகா கலைஞர்கள். ஒருவருடைய கீர்த்திக்கு மற்றவர் போட்டி போடுவது போன்ற அவலம். இருவரில் யாரும் இந்த அவலத்தை உண்டாக்கவில்லை. தட்டின் மேல் ஒரு வரி அச்சடிக்க மனமில்லாதவர்கள் உண்டாக்கினார்கள்.

தொழிற்சங்கம் ஒன்று இருந்ததால் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த பல பதிவுகளுக்குக் கூலிச் சீட்டு இருக்கிறது. யார் வந்தார், எத்தனை மணி நேரம் வாசித்தார், எவ்வளவு பெற்றார் என்று அதில் எழுதியிருக்கிறது. இன்று ஆராய்ச்சிக்காரர்கள் அந்தச் சீட்டுக்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்துச் சங்கீதத்தின் சரித்திரம் சம்பளப் பட்டியலில் மட்டும் பிழைத்திருக்கிறது! சங்கத்துக்குத் தெரியாமல் நடந்த பதிவுகளுக்கு அந்தப் பட்டியலும் கிடையாது. கூலி கொடுத்தாயிற்றே என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். கூலி, வாசித்தவருக்குச் சேர வேண்டிய கடன். பெயர், கேட்டவனுக்குச் சேர வேண்டிய கடன். ஒன்றைக் கொடுத்து மற்றதைத் தீர்க்க முடியாது.

பெயரை மறைத்ததற்கு மறதி மட்டும் காரணமல்ல. பைர்ட்ஸ் என்ற குழுவின் 'மிஸ்டர் டாம்புரின் மேன்' 1965ல் வந்தது. அந்தத் தட்டில் குழுவினரில் வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மக்வின் ஒருவர்தான். மற்ற வாத்தியமெல்லாம் செஷன்காரர்கள். மங்கீஸ் குழுவின் முதல் தட்டுக்களிலும் இதே கதை. 1967ல் அது வெளியே தெரிந்து பெரிய கூச்சலாயிற்று. நாலு இளைஞர்கள் சேர்ந்து தாங்களே வாசிக்கிறார்கள் என்ற பிரமையை விற்க வேண்டியிருந்தது. உண்மையான வாத்தியக்காரரின் பெயர் அந்த வியாபாரத்துக்கு இடைஞ்சல்.

பிற்பாடு பாராட்டு வந்தது. எப்படி வந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது. ஹால் பிளெய்ன் என்ற டிரம் வாத்தியக்காரர் 1990ல் எழுதிய புத்தகத்தில் தங்கள் கூட்டத்தை 'ரெக்கிங் க்ரூ' என்றார். உடைத்து நொறுக்குகிற கோஷ்டி என்று அர்த்தம். பெயர் கவர்ச்சியாக இருந்தது, ஒட்டிக்கொண்டது. டாமி டெடெஸ்கோ என்ற செஷன் கிதார்காரரின் மகன் அதே பெயரில் ஒரு படம் எடுத்து 2008ல் காட்டினார். நல்ல படம், அன்போடு எடுத்தது. ஆனால் அது எல்லோருக்கும் வெளியாக 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. படத்தில் வரும் பாட்டுக்களுக்கு உரிமைப் பணம் கட்ட வேண்டுமே! தகப்பனார் வாசித்த வாசிப்பைக் காட்டுவதற்கு மகன் கம்பெனிகளுக்குப் பணம் கொடுத்தார். படத்திலுள்ள எந்தக் காட்சியையும் விட இந்தச் செய்தி எனக்கு அதிகம் சொல்லுகிறது.

2025ல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றம் கரோல் கேக்குக் கௌரவம் அறிவித்தது. தொண்ணூறு வயதில் அவர் அதை வேண்டாம் என்று சொன்னார். ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் செய்த வேலையை அந்தக் கௌரவம் சரியாகக் காட்டவில்லை என்றும், அந்தக் கோஷ்டிப் பெயர் தனக்கு அவமானம் என்றும் காரணம் சொன்னார். கிழவியின் பிடிவாதம் என்று சிலர் சிரித்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் பெயரே இல்லை என்றார்கள். பிறகு வேறு ஒருவர் வைத்த பட்டப்பெயரில் எல்லோரையும் சேர்த்து மூட்டை கட்டினார்கள். கூட்டத்துக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டால் ஆளுக்கு ஒரு பெயர் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. அதை மறுத்தது சரியான விமர்சனம் என்றே நான் நினைக்கிறேன்.

கோடம்பாக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1976ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் இளையராஜா கூலிக்குக் கிதார் வாசித்தவர். ஸலில் சௌத்ரியின் பாட்டுக்களுக்கும் வாசித்திருக்கிறார். எந்தத் தட்டில் எந்த இடம் அவர் விரல் என்று அந்தத் தட்டுக்களைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. படத்தின் பெயர், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் — இவர்களோடு அச்சு நின்றுவிடும். பின்னால் அவரே இசையமைப்பாளரானபோது எல்லா வாத்தியத்துக்கும் ஸ்வரம் எழுதிக் கொடுத்தார். ஆகவே அவர் பாட்டுக்களின் பாஸ் வரிசைகளை அவருடைய படைப்பு என்று சொல்வது நியாயம். ஜேமர்ஸன் விஷயத்தில் அது நியாயமாகாது. எங்கே எழுதியவன் கை, எங்கே வாசித்தவன் கை என்று பிரித்துச் சொல்ல விமர்சகனுக்குப் பெயர்கள் வேண்டும். அவை இல்லாதபோது எல்லாவற்றையும் இசையமைப்பாளர் கணக்கில் எழுதி, அதற்கு ரசனை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இன்று கைபேசியில் பாட்டுக் கேட்கிறவனுக்குத் தட்டும் இல்லை, அட்டையும் இல்லை. அட்டையில் இடம் போதாது என்ற பழைய சாக்கும் அதோடு போயிற்று. கச்சேரி நோட்டீஸில் நாம் பொடி எழுத்திலாவது கடம் வாசிக்கிறவர் பெயரைப் போடுகிறோம். பாட்டை வெளியிடுகிறவர்களிடம் அந்தப் பொடி எழுத்தைத்தான் கேட்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.