பேடிங்டன் எந்த ஊர்க்காரன்?

பொங்கல் லீவில் சிறுமலை புதூரில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகளுக்கு லேப்டாப்பில் ‘பேடிங்டன் இன் பெரு’ (2024) போட்டுக் கொடுத்தேன். முடிந்ததும் கேட்டாள்: “மாமா, அந்தக் கரடிக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் கிடைச்சிட்டாங்கல்ல, அப்புறம் ஏன் லண்டனுக்கே போகுது?”

நான் அன்று ராத்திரி திண்டுக்கல்லில் பெங்களூரு பஸ் பிடிக்க வேண்டியவன். உடனே பதில் வரவில்லை.

(இனி முழுக்கதையும் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

மைக்கேல் பாண்ட் 1958இல் எழுதிய முதல் புத்தகத்திலிருந்தே பேடிங்டன் ஒரு அகதிதான். போர்க்காலத்தில் கழுத்தில் அட்டை தொங்க ரயிலேற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளின் ஞாபகம்தான் அந்தக் கரடியின் கழுத்து அட்டை. பால் கிங் இயக்கிய முதல் இரண்டு படங்களுக்கும் (2014, 2017) இது நன்றாகப் புரிந்திருந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவன் ஒரு தெருவையே கொஞ்சம் நல்லதாக்குகிறான். இரண்டாம் படத்தில் சிறைச் சீருடைகளோடு ஒரு சிவப்பு சாக்ஸைத் துவைத்து எல்லாவற்றையும் ரோஸ் கலராக்கிவிடுவானே, அந்த ஒரு காட்சியில் காமெடியும் அரசியலும் பிரிக்க முடியாமல் இருக்கும்.

மூன்றாம் படத்தின் இயக்குநர் டூகல் வில்சன். பேடிங்டனுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைக்கிறது. லூசி அத்தை அவனை நினைத்து ஏங்குகிறாள் என்று தெரிந்ததும் பிரவுன் குடும்பத்தோடு பெருவுக்குக் கிளம்புகிறான்; போய்ச் சேர்ந்தால் அத்தையைக் காணோம். இப்போது அந்நியர்கள் பிரவுன்கள்தான். எவ்வளவு நல்ல வாய்ப்பு! அவர்கள் தடுமாறி, அங்குள்ளவர்களின் தயவில் வாழக் கற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் அங்கே அவர்களுக்கு யார் எதிர்ப்படுகிறார்கள்? கிட்டார் வாசிக்கும் கன்னியாஸ்திரி ஒலிவியா கோல்மன், தங்கப் பைத்தியம் பிடித்த படகோட்டி அன்டோனியோ பண்டேராஸ். இருவருமே ஜோர். பண்டேராஸ் தன் மூதாதையர் வேஷத்தையெல்லாம் தானே போட்டு வருவது அட்டகாசம். ஆனால் மனதில் நிற்கிற மாதிரி ஒரு பெரு நாட்டுக்காரர்கூட இல்லை. காடு வெறும் புதையல் மேப்.

எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்றால், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பைக் கும்பலுக்கு எங்கள் மலையும் அப்படித்தான். வியூ பாயின்ட், பனி, அதிர்ஷ்டம் இருந்தால் காட்டுமாடு. மலைவாழைக்குப் புவிசார் குறியீடு இருப்பது தெரியும். அந்தத் தாரைக் குதிரை முதுகில் ஏற்றி இறக்குகிற ஆள் போட்டோவில் ஓரமாக நிற்பார்.

கடைசியில் எல் டொராடோ என்பது தங்கமல்ல, கரடிகளின் ஆரஞ்சுத் தோட்டம் என்று தெரிகிறது. மார்மலேட் பைத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூர்வீகம் கிடையாது. அங்கே இனத்தாரைக் கண்டடைந்த பிறகும் லண்டன்தான் வீடு என்கிறான் பேடிங்டன். முடிவில் எனக்குச் சண்டை இல்லை. அதற்கு அவன் எந்த விலையும் கொடுக்கவில்லை என்பதுதான் குறை. பென் விஷாவின் குரல் லேசாகத் தயங்குகிறது, படம் தயங்குவதில்லை. போகிறவன் எதை விட்டுவிட்டுப் போகிறான், லூசி அத்தை அன்று ராத்திரி என்ன செய்வாள் என்பதற்கு ஒரு ஷாட் இருந்திருந்தால் போதும்.

முதல் படத்தில் இந்தக் கரடிகள் காட்டிலேயே லண்டன் கிராமபோன் கேட்டு இங்கிலீஷ் கற்றிருப்பார்கள். இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் நானும் கேசட் போட்டுத்தான் பேசிப் பழகினேன். மொட்டை மாடியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஊரைவிட்டுப் போயாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

“அவனுக்கு அங்க வேலை இருக்கு பாப்பா” என்றேன்.

“கரடிக்கு என்ன வேலை?” என்றாள். அக்கா சீப்பு சீப்பாக வாழைப்பழத்தை என் பையில் திணித்துக்கொண்டிருந்தாள்.