ஒரு கிளிக் இரண்டாகும் மவுஸ்

பல மாதங்களாக என் வேலையெல்லாம் இந்த வயர்லெஸ் மவுஸோடுதான். சென்சார், பேட்டரி, எடை பற்றிப் பெட்டியிலேயே விரிவாக அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றில் எனக்குக் குறையில்லை. உள்ளங்கைக்குள் நன்றாக அடங்குகிறது. கண்ணாடி மேசையைத் தவிர எதன் மேலும் துல்லியமாக ஓடுகிறது. ஆனால் இடது பட்டனை ஒருமுறை அழுத்தினால், இரண்டுமுறை அழுத்தியதாகக் கணினிக்குச் சொல்கிறது. இந்த ஒரு குறை போதும், மற்ற நல்லதெல்லாம் கண்ணில் படாமல் போக.

கோப்பைத் தேர்ந்தெடுக்கப் போனால் அது திறந்துகொள்கிறது. பிரவுசரில் ஒரு டேபை மூடினால் பக்கத்து டேபும் சேர்ந்து மூடுகிறது. இவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிடித்து இழுக்கும் வேலையில்தான் உண்மையான கொடுமை. சில படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டருக்கு இழுத்துப் போகிறேன். விரல் பட்டனை விட்டு எழவே இல்லை. ஆனாலும் பாதி வழியில் அவை வேறு ஃபோல்டரில் விழுந்துவிடுகின்றன. அவை எங்கே போயின என்று தேட வேண்டும். பக்க வடிவமைப்பாளருக்கும், நாள் முழுக்க எக்செல் கட்டங்களை இழுக்கும் கணக்கருக்கும் இது சின்னத் தொந்தரவு இல்லை. வேலையே கெடுகிறது.

காரணம் பட்டனுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஸ்விட்ச் எனப்படும் ஒரு சிறு கறுப்புப் பெட்டி, அதற்குள் வளைந்த செப்புக்கலவைத் தகடு. விரல் அழுத்தும்போது அந்தத் தகடு சட்டென்று புரண்டு கீழே உள்ள முனையைத் தொடுகிறது. நமக்குக் கேட்கும் 'டிக்' அந்தப் புரளலின் ஓசைதான். கைதவறி விழுந்த எவர்சில்வர் தட்டு ஒரே அடியில் அடங்காமல் அதிர்ந்து நிற்பதுபோல, இந்தத் தகடும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் தொட்டுத் தொட்டு விலகித்தான் நிலைகொள்கிறது. அந்த அதிர்வு அடங்கும்வரை மவுஸில் உள்ள சிப் காத்திருந்து, எல்லாவற்றையும் ஒரே கிளிக்காக எண்ண வேண்டும். புதிதில் அப்படித்தான் எண்ணுகிறது. நாளாக ஆகத் தகட்டின் இறுக்கம் தளர்கிறது, தொடும் முனைகளில் மெல்லிய படலம் படிகிறது. இடையில் தொடர்பு கணநேரம் அறுந்தாலும், விரலை எடுத்து மீண்டும் அழுத்தியதாக சிப் புரிந்துகொள்கிறது. விண்டோஸ் வழக்கமாக அரை வினாடிக்குள் வரும் இரண்டு அழுத்தங்களை டபுள் கிளிக் என்று எடுத்துக்கொள்ளும். அந்த அரை வினாடிக்குள் இந்தப் போலி கிளிக் தாராளமாக வந்து சேர்ந்துவிடும்.

மின்சாரம் குறைந்ததும் ஒரு காரணம். போதுமான மின்னோட்டம் பாயும் தொடுமுனைகளில் படலம் தானாகவே உடைந்து சுத்தமாகும். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் இன்றைய மவுஸில் ஸ்விட்ச் வழியே போகும் மின்னோட்டம் மிக மிகச் சொற்பம். படலம் படிந்தது படிந்தபடியே இருக்கிறது. அதோடு கணினி விளையாட்டுக்காரர்களைக் கவர, சிப் காத்திருக்கும் நேரத்தையும் சில தயாரிப்பாளர்கள் குறைத்துவிடுகிறார்கள். இதே நிறுவனத்தின் பழைய, வயர் வைத்த மவுஸ் என் வீட்டில் இன்னும் பழுதில்லாமல் உழைக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் இதையும் வாங்கினேன். அதனால்தான் கோபம் அதிகம்.

மவுஸின் வரலாற்றைப் பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது. டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி 1964-இல் பில் இங்கிலீஷ் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள், மேலே ஒற்றைப் பட்டன். பின்னால் சக்கரம் போய் உருண்டை வந்தது. உருண்டை தூசியை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. 1999-இல் மைக்ரோசாஃப்டின் இன்டெலிமவுஸ் எக்ஸ்புளோரர் அந்த உருண்டையையும் கழற்றிவிட்டு, மேசைப்பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் படமெடுத்து அசைவைக் கணக்கிட்டது. அன்றிலிருந்து நகர்வை உணரும் பகுதியில் தேய்வதற்கு எதுவும் இல்லை. பட்டன் மட்டும் இன்றும் உலோகம் உலோகத்தைத் தொடும் அதே வேலைதான். மவுஸிலேயே ஆகக் குறைந்த விலையுள்ள பாகங்களில் ஒன்று அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

மாற்றுவழி இல்லாமலில்லை. ரேசர் 2019-இலேயே தன் வைப்பர் மவுஸில் அகச்சிவப்பு ஒளிக்கற்றையை வைத்து கிளிக்கை உணரும் ஸ்விட்சைக் கொண்டுவந்தது. அதில் தொடுமுனையே கிடையாது, அதனால் அதிரவும் ஒன்றுமில்லை. ஏசஸின் ஆர்ஓஜி மவுஸ்கள் சிலவற்றில் சாலிடர் இல்லாமலே ஸ்விட்சைப் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். நான் வைத்திருப்பதில் இரண்டும் இல்லை. திறந்து பார்க்க நினைத்தாலும் திருகாணிகள் அடிப்பக்க வழுக்குத் தாள்களுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. அவற்றை உரித்தால் பழையபடி ஒட்டாது. சில ரூபாய் ஸ்விட்சுக்காக முழு மவுஸையும் குப்பையில் போடச் செய்யும் இந்த வடிவமைப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெட்டியில் கோடிக்கணக்கான கிளிக் தாங்கும் என்று போட்டிருப்பதால் எனக்கு என்ன பயன்?

லினக்ஸில் மவுஸ் உள்ளீட்டைக் கையாளும் லிப்இன்புட் என்ற மென்பொருள் இத்தகைய போலி கிளிக்குகளை ஓரளவு தானே வடிகட்டிவிடுகிறது. விண்டோஸில் டபுள் கிளிக் வேகத்தை மாற்றலாம். ஆனால் இழுக்கும்போது நழுவுவதை அது தடுக்காது. சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதிகம் உழைக்காத வலது ஸ்விட்சைக் கழற்றி இடப்பக்கம் வைத்துவிடுகிறார்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கு இந்த மவுஸை நான் பரிந்துரைக்கவில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வாரண்டி முடியும் முன்பே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். நீளமான கட்டுரை ஒன்றைத் திறந்து, பட்டனை லேசாக மட்டும் அழுத்திப் பிடித்தபடி முதல் வரியிலிருந்து கடைசிவரை மெதுவாக இழுங்கள். நடுவில் ஒரே ஒருமுறை தேர்வு விட்டுப்போனாலும் அதை வீடியோ எடுத்து, பில்லோடு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிடுங்கள்.