போர்னின் பனிமலைகளும் மூட்டை தூக்கியவர்களும்

சாமுவேல் போர்னின் இமயமலைப் படங்களைச் சில மாதங்களாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும் அமெரிக்காவின் கெட்டி மியூசியமும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருப்பதால், அடையாறில் உட்கார்ந்தபடியே இது முடிகிறது.

போர்ன் நாட்டிங்ஹாமில் பேங்க் கிளார்க்காக இருந்தவர். 1863-ல் இந்தியா வந்து சிம்லாவில் ஸ்டூடியோ வைத்தார். 1863, 1864, 1866 என மூன்று முறை உள்மலைகளுக்குப் போனார். மூன்றாவது தடவை ஸ்பிதி பக்கம், அவர் கணக்குப்படி 18,600 அடி உயரமுள்ள மணிருங் கணவாயில் ஏறிப் படமெடுத்தார்.

அது எவ்வளவு பெரிய வேலைன்னு புரிய, அந்தக் காலத்து முறை தெரியணும். கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவி முடிக்கணும். கேமரா, தகடுகள், ரசாயனப் புட்டிகள், கூடாரம், இதோடு சாப்பாட்டுச் சாமான் வேறு. ஒரு லேபையே மலைமேல் தூக்கிப் போகிற மாதிரிதான். முதல் பயணத்தில் சுமார் 30 கூலிகள். மூன்றாவதில் ஒரு கட்டத்தில் 80 பேர் வரை.

படங்களில் இவர்கள் எங்கே? தேடினால் சில இடங்களில் கிடைக்கிறார்கள். பாறை ஓரத்தில், ஆற்றங்கரையில், எள்ளளவு உருவமாக அசையாமல். மலை எவ்வளவு பெரிதுன்னு காட்டுவதற்கான அளவுகோல், அவ்வளவுதான். தலைப்பில் கணவாயின் பெயர் இருக்கும், பள்ளத்தாக்கின் பெயர் இருக்கும். நெகட்டிவிலேயே போர்னின் பெயரும் வரிசை எண்ணும் இருக்கும்.

எக்ஸ்போஷர் நேரம் அதிகம், அசைந்தால் உருவம் கலைந்துவிடும், அதனால்தான் ஆளில்லைன்னு சொல்லலாம். எனக்கு அது போதவில்லை. அளவுகோலாக உட்கார வைக்க முடிந்தவர்களை, மூட்டையோடு கொஞ்சம் கிட்டத்தில் நிறுத்தியிருக்க முடியாதா?

சுவாரஸ்யம் என்னன்னா, அதே போர்ன் லண்டனில் வெளியான பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராபியில் எழுதிய பயணக் கட்டுரைகளில் கூலிகள் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். சுமையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள், மேலே ஏற மறுக்கிறார்கள், தடியால் அடி வாங்குகிறார்கள். அடித்ததை அவரே கூச்சமில்லாமல் எழுதுகிறார். குளிரில் வெறுங்கையோடு கணவாய் ஏறுகிற யாரும் ஓடத்தான் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. படத்தில் நிலவும் அந்த மகா அமைதியின் பின்னால் இவ்வளவு சத்தம்.

அவர் கண்ணில் இன்னொரு கோளாறும் உண்டு. ஏரி, மரம், வளைந்த கரை என்று இங்கிலாந்து ஓவியங்களின் அழகை எதிர்பார்த்துப் போனவர். மொட்டை மலைகள் ஏமாற்றம் தந்ததாகப் புலம்புகிறார். காஷ்மீர் போனதும் மகிழ்ச்சி. ஆனா எனக்கு அவருடைய காஷ்மீர் ஏரிப் படங்கள் காலண்டர் அழகாகத்தான் படுகின்றன. அவருக்கே பிடிபடாத ஸ்பிதியின் கல்லும் பனியும்தான் இன்றைக்கும் மிரட்டுகின்றன. அந்த ரசாயனம் நீலத்தில் சீக்கிரம் வெளுத்துவிடுவதால் வானம் வெறும் வெள்ளைத்தாளாக நிற்கிறது. மலைக்குப் பின்னால் உலகமே முடிந்துபோன மாதிரி.

இப்போ நம்ம ஐ.டி. நண்பர்கள் ஸ்பிதி போய்வந்து வாட்ஸ்அப்பில் போடும் ஆல்பங்களைப் பாருங்கள். கீ மடம், சந்திரதால் ஏரி, குன்சம் கணவாய். போர்ன் வைத்த அதே ஃபிரேம். பத்து நாள் வண்டி ஓட்டியவர், சமைத்துப் போட்டவர் யாராவது ஒரு படத்தில் இருக்கிறாரா என்று நான் தேடுவேன். பெரும்பாலும் கண்ணாடியில் தெரியும் ஒரு முழங்கையோடு சரி.

போர்னைப் பார்க்க நினைப்பவர்கள் கட்டுரைகளை முதலில் படித்துவிட்டு, அப்புறம் படங்களுக்குப் போங்கள். மணிருங் பனியில் கால்தடங்களைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.