விரும்பியது எந்த விசைப்பலகையை?

பேனாவுக்கு இனி என்ன வேலை என்று கேட்பது மோஸ்தராகிவிட்டது. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்போவதாகத் தமிழ்நாடு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததிலிருந்து அந்தக் கேள்விக்குத் தெம்பும் கூடியிருக்கிறது. இலக்கியக் கூட்டங்களில் 'நான் பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது' என்று சொல்லும் எழுத்தாளருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. தேர்வையும் கணினியிலேயே எழுத விட்டால் என்ன என்று ஆசிரியர்களே கேட்கிறார்கள். இந்தக் கட்சிக்கு நான் எதிரி இல்லை. இந்தக் கட்டுரையும் தட்டச்சு செய்ததுதான். என் சண்டை வேறு.

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். அடித்ததைத் திருத்த முடிகிறது. ஒரு பத்தியைத் தூக்கி வேறிடத்தில் வைக்க முடிகிறது. கோழிக்கிறுக்கலுக்காக மதிப்பெண் இழந்த பிள்ளைகளுக்கும் கை நடுங்கும் முதியவர்களுக்கும் இது விடுதலை. எதிர்த்தரப்பு தூக்கிப் பிடிக்கும் பெரிய ஆயுதமும் அவ்வளவு கூர்மையானதல்ல. மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்களைவிடக் கையால் எழுதியவர்களுக்குப் பாடம் நன்றாகப் புரிந்தது என்று பாம் முல்லரும் டேனியல் ஓப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் சொல்கிறார்கள். அதே சோதனையை 2019இலும் 2021இலும் வேறு குழுவினர் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் அத்தனை உறுதியாகத் தெரியவில்லை என்பதைச் சொல்வோர் குறைவு. பின்லாந்து 2016இல் எழுத்துகளைச் சேர்த்தெழுதும் பயிற்சியைக் கட்டாயப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டு விசைப்பலகைப் பயிற்சிக்கு இடம் கொடுத்தது. குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை.

ஆனால் பின்லாந்துப் பிள்ளை எந்த எழுத்தை நோட்டில் எழுதப் படித்ததோ, அதே எழுத்துதான் விசையின் மேலும் இருக்கிறது. நம் கதை அதுவா? பேனாவை விட்டுவிட்டேன் என்று மார்தட்டும் தமிழ் எழுத்தாளரிடம் எந்தப் பலகையில் அடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான்: ஆங்கில எழுத்தில் அடிப்பேன், அதுவே தமிழாக மாறிவிடும். இதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கமாவது வரும் என்று எதிர்பார்ப்பேன். வருவதில்லை.

காளவாசல் என்று ஒரு சொல்லை அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கே, ஏ, ஏ, பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு எல், பிறகு ஏ, வி, ஏ, ஏ, எஸ், ஏ, எல். மொத்தம் 11 விசை, நடுவில் ஒரு ஷிஃப்ட். ஷிஃப்ட் தவறினால் 'காலவாசல்' வந்து நிற்கும். விசைகளில் தமிழ் எழுத்தையே வைத்த தமிழ்99 முறையில் க, ஆ, ள, வ, ஆ, ச, ல, புள்ளி. 8 விசை, ஷிஃப்டே கிடையாது. 'மதுரை'க்கு அங்கே 8, இங்கே 5. மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து பக்கத்திலிருக்கும் காளவாசலுக்குத் திருமங்கலம் சுற்றி வந்துவிட்டு, 'எவ்வளவு சீக்கிரம் வந்துட்டேன் பாத்தியா' என்கிறோம்.

விசை எண்ணிக்கைகூடப் போகட்டும். ல, ள, ழ மூன்றையும் சின்ன எல், பெரிய எல், இசட்-எச் என்று விரல் பழகிக்கொள்கிறது. ன, ண, ந மூன்றும் ஒரே 'என்'னின் சாயல்கள் ஆகின்றன. சில மென்பொருள்களில் ந வேண்டுமானால் டபிள்யூவை அழுத்த வேண்டும்! கைப்பேசியில் இன்னும் மோசம். அங்கே அடிப்பவர் எழுதவே வேண்டியதில்லை. நாலு ஆங்கில எழுத்தைத் தட்டினால் மனம், மணம், மானம் என்று வரிசை கட்டி நிற்கும், ஒன்றைத் தொட்டால் போதும். எழுத்துப்பிழை பெருகிவிட்டது என்று புலம்பும் தமிழாசிரியர்கள் பிள்ளைகளின் சோம்பேறித்தனத்தைத் திட்டுகிறார்கள். பிள்ளைகளின் விரலுக்கு அந்த வேறுபாடு ஒருநாளும் சொல்லித்தரப்படவில்லை என்பதை யோசிப்பதில்லை.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு, கெட்டிக்காரத்தனமானது. விரல் பழகிவிட்டால் ஆங்கில எழுத்து மனத்தில் தோன்றவே தோன்றாது, தமிழாகத்தான் யோசிக்கிறோம், விசையின் மேல் என்ன பொறித்திருந்தால் என்ன என்பார்கள். முப்பது வருஷம் கையால் தமிழ் எழுதிவிட்டுக் கணினிக்கு வந்தவர் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அவர் கைக்கு ழகரத்தின் சுழி முன்னரே தெரியும். பள்ளி முடிந்த மறுநாளிலிருந்து தமிழைக் கைப்பேசியில் மட்டுமே எழுதப்போகும் பையனுக்கு அந்த முதலீடு எங்கே இருக்கிறது? அப்பன் சேர்த்த சொத்தைக் காட்டி மகனுக்கும் கடன் தேவையில்லை என்கிற வாதம் இது.

2013இல் எழுத்தாளர் ஜெயமோகன் 'தி இந்து' தமிழ் நாளிதழில், தமிழை ஆங்கில எழுத்துருவிலேயே எழுதினால் என்ன என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். தமிழகமே கொதித்தது. அந்த யோசனையை நானும் ஏற்கவில்லை. ஆனால் நாம் நடைமுறையில் செய்துகொண்டிருப்பதை அதன் எல்லை வரை கொண்டுபோய்க் காட்டிய நேர்மை அதில் இருந்தது. அவரைக் கண்டித்து இணையத்தில் எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தக் கண்டனத்தையே ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்கியிருப்பார்கள் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். மாற்றித்தரும் மென்பொருள் ஒன்று நடுவில் இருப்பதால் நம் மானம் தப்பியது, அவ்வளவுதான்.

நேரடியாகத் தமிழில் அடிப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். காளவாசலிலிருந்து அரசரடிப் பக்கம் போனாலும் பொன்மேனிப் பக்கம் போனாலும், ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். கல்லூரிக்குப் போகும் முன் காலை பேட்ச், வேலை முடித்து வருபவர்களுக்கு மாலை பேட்ச். குரூப் 4 தட்டச்சர் வேலைதான் குறி. ஆங்கிலம் லோயர் தேர்வுக்கு நிமிஷத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. தமிழையும் முடித்தால்தான் வேலைக்கு ஆகும். தமிழ் இயந்திரத்தில் இடக்கையின் முதல் பாடம் ய, ள, ன, க. கீழே பார்க்காமல், பத்து விரலாலும், தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே அடிக்கும் பயிற்சி இந்த நாட்டில் ஒழுங்காக நடப்பது அந்த மாடிகளில்தான். அங்கே படித்த பெண்கள்தான் டிடிபி கடைகளில் நம் மனுக்களையும், கல்யாணப் பத்திரிகைகளையும், சங்க ஆண்டறிக்கைகளையும், கவிஞர்களின் முதல் தொகுப்புகளையும் அடித்துத் தந்தார்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு.

என்னை உறுத்துவது இதுதான். தமிழைத் தமிழாக அடிக்கும் திறமை கூலிவேலையாகக் கருதப்பட்டது. கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் எழுத்தாளர், அடித்துக் கொடுத்தவர் வெறும் டைப்பிஸ்ட். கணினி வீட்டுக்கு வந்தபோது எழுத்தாளர் அந்தப் பெண்ணிடம் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கலாம். அதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் வரும் என்று ஒருவர் சொன்னதும் பாய்ந்து பிடித்துக்கொண்டார். நவீனம் என்று அவர் பெயர் சூட்டியது, கற்றுக்கொள்ள மறுத்ததற்குத்தான்.

இன்ஸ்டிடியூட்டிலும் எல்லாம் சரி என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா, 247 எழுத்தை ஒரு சிறிய தட்டச்சு இயந்திரத்தின் விசைகளுக்குள் அடக்கியது பெரிய சாதனை. புள்ளியை அடித்தால் உருளை நகராது; அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழேயே வந்து உட்காரும். அந்த நகரா விசைதான் தமிழை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் இரும்புக் கம்பிகளின் வசதிக்காகச் செய்த அமைப்பைக் கம்பிகளே இல்லாத கணினியிலும் சுமந்துகொண்டிருந்தோம். போதாததற்கு டிடிபி கடைகள் வானவில், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்துக் குவித்தன. ஒரு கடையில் அடித்த கோப்பை இன்னொரு கடையில் திறந்தால் கிரந்தமா சீனமா என்று தெரியாது.

இந்தக் குழப்பத்துக்குத் தீர்வாகத்தான் 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்99 விசைப்பலகையை அரசு தரப்படுத்தியது. அதை ஒருமுறை உற்றுப் பார்த்தவர்கள் விடமாட்டார்கள். உயிர் எல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று ஒன்றாம் வகுப்பில் படித்தது விரலுக்கு வந்துவிடுகிறது. புள்ளிக்கு இடது ஆட்காட்டி விரல். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும்: அ, ம, ம, ஆ, அம்மா. அதைவிட அழகு இன எழுத்து விஷயத்தில். ங வந்து க வந்தால், ஞ வந்து ச வந்தால், ணவும் டவும், நவும் தவும், மவும் பவும், னவும் றவும் சேர்ந்தால், மெல்லினத்தின் மேல் புள்ளி தானாக ஏறிக்கொள்ளும். 'பந்து'க்கு ப, ந, த, உ, நாலே தட்டு. டகரத்துக்கு முன் ணகரம்தான், றகரத்துக்கு முன் னகரம்தான் என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்ததை இந்தப் பலகை நாள் முழுவதும் விரலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. 'மண்டபம்' என்று இதில் அடிப்பவருக்கு ணகரமா னகரமா என்ற தடுமாற்றம் நீடிக்காது. எந்த எழுத்துப் பெயர்ப்பு மென்பொருளாவது இதை விரலுக்குச் சொல்லித்தருமா?

மக்கள் ஏற்கவில்லையே, விரலால் ஓட்டுப் போட்டுவிட்டார்களே என்பது கடைசி வாதம். எதற்கும் எதற்கும் இடையே ஓட்டுப் போட்டார்கள்? கடையில் வாங்கும் விசைப்பலகையில் தமிழ் எழுத்து கிடையாது. பள்ளியில் பயிற்சி கிடையாது. 1999இல் தமிழ்99ஐ ஏற்ற அதே அரசு, தட்டச்சுத் தேர்வுக்கு மாணவர்களைப் பழைய இயந்திரத்தின் முன்னால்தான் உட்கார வைத்தது. 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்றுக்கொண்டது, அதுவும் எழுத்துருச் சண்டையைத் தீர்த்ததே தவிர விரலைத் தொடவில்லை. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் தமிழ்க் கணிமை பற்றி ஒரு பாடம் இருக்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கலாம். ஒற்றை வேட்பாளர் நின்ற தேர்தலைக் காட்டி மக்கள் தீர்ப்பு என்கிறார்கள்.

கொரியாவைப் பாருங்கள். அவர்களுடைய தரப் பலகையில் மெய் இடப்பக்கம், உயிர் வலப்பக்கம். நம்முடையதன் மறுபக்கம் என்று சொல்லலாம். கொரியப் பிள்ளை கொரிய எழுத்தைத் தட்டிக் கொரியம் எழுதுகிறது. அங்கே விசைகளின் மேல் சொந்த எழுத்து பொறித்திருக்கிறது. சீனம் வேறு வழியில் போனது: ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டி, வரும் பட்டியலில் சித்திர எழுத்தைப் பொறுக்குவது. பேனாவைக் கையில் எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்பது அங்கே பெரிய கவலையாகி, அதே 2013இல் அரசுத் தொலைக்காட்சி சொல்வதை எழுதும் போட்டி ஒன்றையே தொடராக நடத்தியது. அவர்களுக்கு எழுத்து ஆயிரக்கணக்கில். வேறு வழி குறைவு. 12 உயிரும் 18 மெய்யும் 30 விசைக்குள் அடங்கும் மொழிக்கு அந்தச் சாக்கு கிடையாது. கொரியாவின் வசதியை வைத்துக்கொண்டு சீனாவின் வியாதியை வாங்கியிருக்கிறோம்.

கோபத்தில் எழுத்தாளர்களைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று ஒரு கணம் தோன்றுகிறது. கணினித் தமிழே தடுமாறிய காலத்தில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், பிறகு இ-கலப்பை என்று ஆங்கில எழுத்தைத் தமிழாக்கும் மென்பொருள்கள் இல்லையென்றால் பாதிப் பேர் தமிழில் எழுதியே இருக்கமாட்டார்கள். அது உண்மை. ஆனால் ஆற்றைக் கடக்க உதவிய முறையை இருபது வருஷம் கழித்தும் விடாமல், அதுதான் எதிர்காலம் என்று பிள்ளைகளிடம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

மடிக்கணினி கொடுக்கிற அரசுக்கு ஒரு வேண்டுகோள்: விசைகளின் மேல் தமிழ் எழுத்து இருக்க வேண்டும் என்பதை வாங்கும்போதே நிபந்தனையாக்குங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளை தமிழ்99 பயிற்சி வையுங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால், விரலுக்கு அடவு சொல்லத் தெரிந்தவர்கள் அந்த மாடிகளிலேயே இருக்கிறார்கள். எழுத்தாளர்களுக்கு: உங்கள் கணினியின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள், தமிழ்99 பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், காசு கிடையாது. முதல் சில வாரம் எரிச்சலாகத்தான் வரும். அதைத் தாண்டிவிட்டு வாருங்கள், பேனா வேண்டுமா வேண்டாமா என்று பேசலாம்.