தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு: ஒரு மதிப்பீடு

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையைச் சேர்ந்த தமிழ் இசைக்குழு. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து 2017-இல் இதை உருவாக்கின. பத்தொன்பது பேர் கொண்ட இக்குழுவின் முதல் நிகழ்ச்சி 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி வளாகத்தில் நடைபெற்றது. கானா, பறை, ராப், ராக் ஆகியவை ஒரே மேடையில் கலந்தன. சாதி எதிர்ப்பே பாடல்களின் பொருள்.

இக்குழுவைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி பாடல் வரிகளின் அரசியலோடு நின்றுவிடுகிறது. மாட்டுக்கறி பற்றிப் பாடினார்கள், இடஒதுக்கீடு பற்றிப் பாடினார்கள், கோட்டு அணிந்து வந்தார்கள் என்பன செய்தியாயின. எந்தத் தோற்கருவி எதனோடு சேர்ந்தது, கானாக் குரல் கிதாருக்குப் பக்கத்தில் எப்படி நின்றது என்ற கேள்விகள் அதிகம் எழவில்லை. இக்குழுவின் உண்மையான சாதனை இசை அமைப்பில்தான் உள்ளது. வரிகள் வலுவாக அமைந்த பாடல்களிலும் அந்த வலுவுக்குப் பாதிக் காரணம் தாளம்.

பெயர்

‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லை அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) பயன்படுத்தினார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர் அவர். குழுவின் பெயர் அச்சொல்லின் ஆங்கில வடிவம். தமிழ்க் குழுவுக்கு ஏன் ஆங்கிலப் பெயர் என்று கேட்கலாம். தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் அயோத்திதாசரின் நினைவு நேராகவே வந்து சேர்ந்திருக்கும். ஆங்கிலப் பெயர் வெளிநாட்டுச் செய்தித்தாள்களின் கவனத்தை எளிதாக்கியது. அந்த நினைவை ஒரு விளக்கக் குறிப்பாக ஆக்கிவிட்டது. ‘சாதியற்ற’ என்று சொல்லிக்கொள்வது சாதி இருப்பதையே மறைக்கும் என்ற எதிர்ப்பு ஒன்றும் உண்டு. பாடல்களைக் கேட்டவர்களிடம் அது நிற்காது. சாதியின் பெயரைச் சொல்லாமல் நழுவும் பாட்டு இவர்களிடம் இல்லை.

சென்னையின் இசை

சென்னையில் பல இசைகள் உண்டு. அவை நெடுங்காலம் தனித்தனிக் கட்டடங்களில் வாழ்ந்தன. 1928-இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமியும் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களும் மார்கழிக் கச்சேரிகளுக்கு உரியவை. ஐ.ஐ.டி. சாரங் விழா போன்ற கல்லூரி மேடைகளில் ராக் குழுக்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில், வாசித்தன. வடசென்னையில் கானா இருந்தது. இவற்றிலிருந்து தனக்கு வேண்டியதைத் திரைப்படம் எடுத்துக்கொண்டது.

கானாவைத் திரைப்படத்தின் வழியே மட்டும் அறிந்தவர்கள் அதைக் குத்துப்பாட்டு என்றே எண்ணுகிறார்கள். தேவாவின் இசையும் ‘சித்திரம் பேசுதடி’ (2006) படத்தில் கானா உலகநாதன் பாடியதும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தின. கானாவின் முதன்மையான இடம் சாவு வீடு. உடல் கிடக்கும் வீட்டின் முன் இரவு முழுக்க உட்கார்ந்து, இறந்தவரின் பெயரையும் பழக்கங்களையும் சேர்த்துப் பாடுவது மரண கானா. அடுத்த வரியைப் பாடகர் அந்த இடத்திலேயே கட்டுவார். குரல் நெஞ்சிலிருந்து உச்சத்துக்குப் போய், வரியின் கடைசி எழுத்தில் நீண்டு இழுபடும். அந்த இழுப்பில்தான் துக்கம் இருக்கிறது. ‘அட்டகத்தி’ (2012) படத்தில் பா. ரஞ்சித் கானா பாலாவைப் பாடவைத்தபோது அந்தக் குரலின் நிறம் ஓரளவு திரைக்கு வந்தது.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் வெறுமையிலிருந்து வந்ததாகச் சொல்வது தவறு. கே. ஏ. குணசேகரன் (மறைவு 2016) தன்னானே குழுவுடன் ஊர் ஊராகச் சென்று பாடினார். இன்குலாபின் ‘மனுசங்கடா’ அவர் குரலில்தான் மக்களிடம் பரவியது. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு கிறித்தவ வழிபாட்டுக்குள் நாட்டுப்புற இசையைக் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழு பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. சென்னையிலேயே, தென்மாவும் கபேர் வாசுகியும் ‘குரங்கன்’ குழுவில் தமிழ் ராக் பாடல்களை முயன்றிருந்தனர். கபேர் வாசுகி எழுதி டி. எம். கிருஷ்ணா பாடிய எண்ணூர் கழிமுகம் பற்றிய பொறம்போக்குப் பாடல் 2017 ஜனவரியில் வெளிவந்தது. 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா கர்நாடக இசையை மீனவர் குப்பத்துக்குக் கொண்டுசென்றது. சுவர்கள் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தன. ஆனால் அம்முயற்சிகளில் கானாப் பாடகரும் சாவு மேளக்காரரும் மேடையின் நடுவில் நிற்கவில்லை. 2018-இல் நின்றனர்.

தோலும் கம்பியும்

இக்குழுவில் கிதார், பேஸ் கிதார், மேலை டிரம்ஸ் ஆகியவற்றுடன் பறை, தவில், சட்டி, கட்ட மோளம் ஆகியவை ஒலிக்கின்றன. சட்டியும் கட்ட மோளமும் சென்னையின் சாவு ஊர்வலங்களில் கேட்பவை. சட்டி உயர்ந்து வெடிக்கும்; கட்ட மோளம் அடியில் உருளும்.

கிதாரையும் பறையையும் ஒன்றாக வைப்பது எளிதான வேலையில்லை. கிதார் கம்பியை ஒருமுறை சுருதி கூட்டினால் கச்சேரி முடியும்வரை ஏறக்குறைய நிற்கும். தோற்பறை அப்படி நிற்காது. மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோலை நெருப்பில் காய்ச்சினால் விறைத்து ஒலி உயரும். காற்றின் ஈரம் பட்டால் தளரும். ஆகவே இடையிடையே காய்ச்ச வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே இன்று பல குழுக்கள் பைபர் பறைக்கு மாறிவிட்டன. பறையில் வலக்கையின் தடித்த அடிகுச்சி ஆழமான ஒலியையும், இடக்கையின் மெல்லிய நீண்ட குச்சி கூர்மையான ஒலியையும் தரும். மேலை டிரம்ஸிலும் இதே பங்கீடு உண்டு: கீழே பேஸ் டிரம், மேலே ஸ்நேர். இரண்டையும் ஒன்றாக வாசித்தால் ஒன்றின் இடத்தை மற்றொன்று விழுங்கிவிடும். திரைப்படப் பாடல்களில் பெரும்பாலும் பறைதான் தோற்கும். நான்கு மாத்திரை முழங்கிவிட்டு, மின்னணுத் தாளத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடும்.

தென்மாவின் அமைப்பில் இது தலைகீழாகிறது. நல்ல பாடல்களில் டிரம்ஸ் பின்வாங்கி நேரத்தை மட்டும் காக்கிறது. ஓட்டத்தைச் சட்டியும் பறையும் முடிவுசெய்கின்றன. கிதார் ராகம் பாட முயல்வதில்லை. சிறு சிறு வெட்டுகளாக, அதுவும் ஒரு தாளக் கருவிபோலவே நடந்துகொள்கிறது. இதனால் கானாக் குரலுக்கு இடம் கிடைக்கிறது. கானாப் பாடகர் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து, கடைசியில் இழுத்துச் சேருவார். திரைப்பட ஒலிப்பதிவுக் கூடம் இந்தத் தாமதத்தை வெட்டிச் சரிசெய்துவிடும். இக்குழுவின் மேடைப் பாடல்களில் அது அப்படியே விடப்பட்டுள்ளது. இதைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது. அந்தத் தாமதம் போனால் கானா போய்விடும்.

பாடல்கள்

மாட்டுக்கறிப் பாட்டு முதல் நிகழ்ச்சியிலேயே பெரும் வரவேற்பைப் பெற்றது. 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளை வெளியிட்டிருந்தது. மாட்டின் பெயரால் மனிதர்கள் தாக்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டிருந்தன. அந்தச் சூழலில் இப்பாட்டு சினத்தைவிடச் சுவையையே முன்வைத்தது. உண்பதன் மகிழ்ச்சியைப் பாடுவது, அதை மறுப்பவனுக்குக் கொடுக்கும் வலுவான பதில்களில் ஒன்று. பாட்டுக்குப் பின்னால் அதிரும் பறையும் மாட்டுத்தோல்தான் என்பதைப் பாடல் தனியே சொல்லவில்லை, சொல்லத் தேவையுமில்லை. சபாக்களின் மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் உண்டு. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்கு முதலில் அளித்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா 2020-இல் திரும்பப் பெற்றது. ஒரு நகரத்தின் இரு இசைகளும் ஒரே தோலில் நிற்கின்றன. ஒன்று அதைச் சொல்கிறது, மற்றொன்று சொல்லத் தயங்குகிறது.

இடஒதுக்கீடு பற்றிய ‘கோட்டா’ பாடலில் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவின் ராப் முதன்மை பெறுகிறது. வகுப்பறையில் இடஒதுக்கீட்டைக் கேலி செய்பவனுக்குச் சொல்லும் பதில் இது. அறிவின் சொற்கள் வேகமாக வந்தாலும் எதுகை மோனை தெளிவாக விழும். யாப்பு படிக்கும் மாணவர்கள் இப்பாடலில் எதுகை எங்கெங்கு அமைகிறது என்று குறித்துப் பார்க்கலாம். பாடநூல் எடுத்துக்காட்டுகளைவிட இது நினைவில் நிற்கும்.

‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாடலை இசைவாணி பாடினார். ஆண்களே கோலோச்சிய கானாவில் வடசென்னையிலிருந்து வந்த பெண் அவர்; தொடக்கத்தில் குழுவின் ஒரே பெண் பாடகரும் அவரே. மன்னிப்புக் கேட்பதுபோலத் தொடங்கி, அடுத்த மூச்சில் கேள்வியாக மாறுவது பாடலின் கட்டமைப்பு. உறவினரிடம் பேசும் தொனியில் தெய்வத்தை அழைக்கும் பழக்கம் தமிழ் நாட்டார் பாடல்களில் நெடுநாளாக உண்டு. இதைப் புதிய துணிச்சல் என்று மட்டும் கொள்வோர் அந்த மரபை மறக்கிறார்கள். இசைவாணி 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2018-இல் பாடிய இப்பாட்டுக்கு எதிராக 2024 நவம்பரில் காவல்துறையிடம் புகார்கள் அளிக்கப்பட்டன.

‘ஜெய் பீம்’ பாடல் இவற்றோடு ஒப்பிட வலு குறைந்தது. கூட்டம் சேர்ந்து பாட ஏற்றது, எழுச்சி தருவது. ஆனால் அதில் ஒரு தெருவோ, ஒரு தட்டோ, ஒரு வகுப்பறையோ கண்ணில் படுவதில்லை. குழுவின் பொதுவான குறையும் இதுவே. குறிப்பிட்ட ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளும்போது பாடல் உயர்கிறது. கொள்கையை நேரே அறிவிக்கும்போது சுவரொட்டியின் மொழிக்கு இறங்குகிறது. மரண கானா இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் குடித்த டீக்கடையைச் சொல்லித்தான் துக்கத்தை எழுப்பும். பொதுச்சொற்கள் பெருகிய இடங்களில் இக்குழு தன் சொந்த மரபின் பாடத்தை விட்டுவிடுகிறது. பத்தொன்பது பேருக்கும் இடம் தர வேண்டும் என்ற நல்லெண்ணமும் சில பாடல்களை நெரிசலாக்குகிறது.

சென்னைக்கு வெளியே கேட்பது

பொம்மிடி தருமபுரி மாவட்டத்தில் சேலம்–ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில் உள்ள ஊர். இத்தகைய ஊர்களில் பம்பை மாரியம்மன் திருவிழாவில் ஒலிக்கும். பறை சாவுக்கு ஒலிக்கும். தெருக்கூத்தில் மிருதங்கமும் முகவீணையும் கேட்கும். யார் எதை அடிப்பது, யார் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. இங்குள்ள மாணவருக்கு இக்குழு ஒரு நகர நாகரிகமாக இருக்க முடியாது. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிய கருவியைக் கோட்டு அணிந்தவர்கள், யாரும் சொல்லி அடிக்காமல், தாங்கள் விரும்பிய நேரத்தில் விரும்பிய பாட்டுக்கு அடிக்கிறார்கள். பாட்டின் சொல் எதுவும் புரியாவிட்டாலும் அந்தக் காட்சி புரியும்.

ஆனால் இம்மாணவர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் இப்பாடல்களைக் கேட்கிறார். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைத் தருவதில்லை. கட்ட மோளம் முற்றிலும் காணாமல் போகும். பறையின் அடிகுச்சி ஓசை மெலியும். சட்டியின் கிறீச்சும் பாடகரின் சொல்லும் மட்டும் மிஞ்சும். இக்குழு சொற்களுக்காகவே அறியப்பட்டதற்கு இது ஒரு காரணமாகலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்த வெளியீடுகளிலும் தோற்கருவிகள் குரலுக்குப் பின்னால் தள்ளப்பட்டுள்ளன. அங்கே அவர்களும் திரையிசையின் பழக்கத்துக்குப் பணிந்துவிட்டனர்.

பின்னர்

குழுவினர் பலர் திரைப்படத்துக்குச் சென்றனர். தென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ (2019), ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படங்களுக்கு இசையமைத்தார். அறிவு, ஆஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ (2019) தொகுப்பை வெளியிட்டார். சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்து உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவின் படம் விடுபட்டிருந்தது. பா. ரஞ்சித் உள்ளிட்ட பலர் கண்டித்த பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வெளிவந்தது. சொல்லை எழுதியவரும் அதன் பின்னுள்ள பாட்டியின் கதையும் எவ்வளவு எளிதாகப் பாட்டிலிருந்து கழன்றுபோக முடியும் என்பதை அந்நிகழ்வு காட்டியது. ஒரு பாடகரின் பெயரே இப்படிக் கழலும்போது, சட்டி அடித்தவரின் பெயர் எங்கே நிற்கும்?

நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’ விழா அக்கேள்வியோடு தொடர்புடையது. சபாக்களின் மாதத்திலேயே கானா, பறை, ஒப்பாரி, நாட்டுப்புறப் பாட்டு ஆகியவற்றுக்கு மேடை தரும் விழா இது. 2021-இல் மதுரை, கோவை மேடைகளிலும் நடந்தது. குழு ஒன்று செய்யத் தொடங்கியதைப் பல மாவட்டக் கலைஞர்களின் கையில் கொடுத்த வகையில், காஸ்ட்லெஸ் கலெக்டிவின் எந்த ஒரு பாடலையும்விட இவ்விழாவின் பயன் பெரிது.

புதிதாகக் கேட்பவர்கள் 2018-இன் மேடைப் பதிவுகளிலிருந்து, காதணி ஒலிக்கருவி கொண்டு, தொடங்குவது நல்லது. முதல் முறை பாடலின் சொற்களைக் கேட்கலாம். இரண்டாம் முறை கட்ட மோளத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்க வேண்டும்.